நாவல்களில் நம் நகரம்

கரமனையில் வாழும் நம்மவர் கிழக்கேகோட்டைக்குச் செல்லக் கிள்ளிப்பாலம் கடந்து, சாலைக் கடைத்தெரு வழியே நடப்பதுண்டு. அரிசிக்கும் பருப்புக்கும் விலை கேட்டுக்கொண்டே நாம் கடக்கும் அவ்வழி, தமிழ்க் கதையிலக்கியத்தில் நிலைபெற்றுவிட்ட வழியாகும். இதனை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

திவான் ராஜா கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோற்றுவித்த அங்காடி சாலை. அங்கே பாத்திரக்கடை நடத்திய ஆ. மாதவன் (1934–2021), கடையில் அமர்ந்தவாறே கண்முன் நடமாடிய சுமைகூலிகளையும் சிறு வணிகரையும் போக்கிரிகளையும் கதைமாந்தராக்கினார். அவருடைய ‘கடைத்தெருக் கதைகள்’ என்ற தொகுப்பின் பெயரே அதற்குச் சான்று. ‘புனலும் மணலும்’ என்னும் நாவலில் ஆற்றுமணல் அள்ளிப் பிழைப்போரின் வாழ்வைத் தீட்டினார். மணல் எடுப்பதைக் கட்டுப்படுத்தக் கேரளத்தில் 2001-இல் சட்டம் வந்தது. ஆற்றங்கரையில் குடியிருக்கும் நாம் அந்நாவலைப் படிக்காதிருப்பது பெருங்குறையே. 2015-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு, அவருடைய ‘இலக்கியச் சுவடுகள்’ நூலுக்குக் கிடைத்தது. கதைகளுக்கன்றிக் கட்டுரைகளுக்குப் பரிசு தந்தது ஏனோ, அடியேனுக்கு விளங்கவில்லை!

கடைத்தெருவைக் கடந்தால் பத்மநாபசுவாமி கோயில். மின்வாரியப் பொறியாளராய்ப் பணியாற்றிய நீல. பத்மநாபன் அக்கோயிலையும் கோட்டைத் தெருக்களையும் களமாக வைத்து எழுதியதே ‘பள்ளிகொண்டபுரம்’ (1970). மனைவி பிரிந்துபோன அனந்தன் நாயர் என்னும் எளிய மனிதர், அவ்விடங்களில் நடந்தபடியே தம் வாழ்வை எண்ணிப் பார்க்கின்றார். பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாயில்கள் வழியே பகுதி பகுதியாகத்தானே தரிசிக்கின்றோம்? அந்த மனிதரின் வாழ்வும் அவ்வாறே துண்டு துண்டாக நமக்குத் தெரியவருகின்றது. ஆசிரியர் இதைக் கருதினாரோ இல்லையோ, எனக்கு அப்படித் தோன்றிற்று.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஆண்டுதோறும் ஜூன் 16-ஆம் நாள், ஜாய்ஸ் எழுதிய ‘யுலிஸஸ்’ (1922) கதை நிகழ்ந்த தெருக்களில் வாசகர்கள் உலா வருகின்றனர். கதை நடப்பது 1904-இல் அதே நாளில். நமக்கோ அத்தகைய உலாவுக்குக் கிழக்கேகோட்டை வரை நடந்தாலே போதும்.

இன்னும் சற்று விருப்பமுடையோர் தம்பானூரில் நாகர்கோவில் வண்டியேறி இரணியலில் இறங்கலாம். (1979-இல் இப்பாதை திறக்கப்படும் வரை பேருந்தே துணை.) நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) அவ்வூர்ச் செட்டிமார் குடும்பம் ஒன்றின் கதை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கல்குளம் தாலுகாவுடன் இரணியல் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. வீட்டைவிட்டு ஓரடியும் பெயராத தமிழர் பலர், அன்றுமுதல் வேற்றுமொழி மாநிலத்தவராயினர்.

அதன் விளைவை இன்று நம் இல்லங்களில் காண்கின்றோம். பள்ளியில் மலையாளம் பயிலும் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். தமிழெழுத்தைக் கூட்டிப் படிக்க இடர்ப்படுகின்றனர். தாம் நாள்தோறும் நடக்கும் தெருவைப் பற்றிய நூலே அவர்களுக்குப் பூட்டிய பெட்டியாகிவிட்டது. இரவு உணவுக்குப்பின் பெரியவர் ஒருவர் நாலு பக்கம் உரக்கப் படித்தால் போதும். ‘தலைமுறைகள்’ நாவலில் வரும் உண்ணாமலை ஆச்சியின் பேச்சு, நம் பாட்டிமார் வாயில் அவர்கள் கேட்டு வளர்ந்த பேச்சுத்தான். பொருள் சொல்ல வேண்டியிராது.