கோட்டைக்குக் கொத்தனார் வந்தால்..!

போன மழைக்கு எங்கள் ஆம்பூர் வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்தது. தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ். வந்து பார்த்த மேஸ்திரி, “ஒரு மாசம் காலி பண்ணுங்க சார், முடிச்சுக் குடுத்துடறேன்” என்றார். நான்தான் பி.காம். ஆச்சே... வாடகை, அட்வான்ஸ், வண்டிச் சத்தம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “நாங்க இந்த ரூம்ல இருந்துக்கறோம், நீங்க அந்த ரூம்ல வேலை பாருங்க” என்றேன்.

ஒரு மாத வேலை ஐந்து மாதம் இழுத்தது! காலையில் பீரோவை நகர்த்துவதும் சாயந்திரம் பழைய இடத்தில் வைப்பதுமே பாதிக் கூலியைத் தின்றது. ரசத்தில் சுண்ணாம்பு வேறு. மிச்சம் பிடித்த வாடகையைப் போல இரண்டு மடங்கு அவுட்!

சரி, நாமதான் அசடு என்று நினைத்தால், லண்டன் பார்லிமென்ட்டிலும் இதே கதைதான். 1834-ல் எரிந்துபோய், மறுபடி கட்டிய கட்டடம். ஒழுகுகிற கூரை, கிழட்டு ஒயர், போதாததற்கு ஆஸ்பெஸ்டாஸ். ‘எல்லோரும் வெளியேறி, முழுசா ரிப்பேர் பண்ணுவோம்’ என்று 2018-ல் ஓட்டுப் போட்டார்கள். 2019-ல் சட்டமும் போட்டார்கள். ஆனால், இன்னும் யாரும் மூட்டை கட்டவில்லை!

கனடாக்காரர்கள் கெட்டி. பக்கத்துக் கட்டடத்தை முதலில் சரிபண்ணி, முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டு சபை தயார் செய்துகொண்டார்கள். அப்புறம்தான் 2018 கடைசியில் பழைய கட்டடத்தைக் காலி செய்தார்கள்.

நம்ம கோட்டை மட்டும் லேசுப்பட்டதா? புனித ஜார்ஜ் கோட்டை சபை மண்டபத்தை மாற்றியமைத்தபோது, 1959 ஏப்ரல் 20 முதல் 30 வரை ஊட்டி அரண்மோர் மாளிகையில் சட்டசபை கூடியது. ரிப்பேருக்கு ரிப்பேர், கோடைக்குக் கோடை! முடிந்ததும் சமர்த்தாகத் திரும்பி வந்துவிட்டார்கள்.

2010-ல் வேறு கதை. மார்ச் மாதம் ஓமந்தூரார் தோட்டத்தில் புது சட்டசபை திறந்தார்கள். உச்சிக் கோபுரம் முடியவில்லை. சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணி செட் போட்டுக் கொடுத்தார். 2011-ல் ஆட்சி மாறியது. சபை மறுபடி கோட்டைக்கே வந்தது. புதுக் கட்டடம் 2014-ல் ஆஸ்பத்திரி ஆகிவிட்டது!

இதுதான் விஷயமே. பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்க நல்ல கொத்தனாரும் இன்ஜினீயரும் கிடைப்பார்கள். ‘போனால் திரும்பி வருவோமா?’ என்கிற பயத்துக்குத்தான் மருந்து கிடைப்பதில்லை. கோட்டையில் சபை கூடாத நாளிலும் தலைமைச் செயலகம் நடக்கிறது; மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேலை பார்க்க முடியாது. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் இஷ்டத்துக்கு இடிக்கவும் முடியாது. எங்கள் ஊர் டேனரிகளில் டிரம் சுற்றும்போது யாரும் பெல்ட் மாட்டமாட்டார்கள். நிறுத்தியாக வேண்டும்.

அதனால் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இரண்டு வரி வேண்டும். எங்கே போகிறோம்? என்றைக்குத் திரும்புகிறோம்? அதில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அடுத்த தேர்தலில் பிளானும் மாறும், செலவழித்த நம் வரிப் பணமும் போகும்.

அடுத்து எங்கள் வீட்டு சமையலறைக் கூரை பாக்கி. “இந்தத் தடவை வேலூர்ல எங்கம்மா வீட்டுக்குப் போயிடலாங்க” என்றாள் மனைவி.

“திரும்பி வர்ற தேதியை மொதல்ல எழுதிக் குடு!” என்றேன்.