ஏரியைப் பங்கிடும் சீட்டு

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் ஏரி. முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் ஏரிக்குள் வந்து போகும். அந்த நீரோடு இறாலும் மீனும் வரும்.

இங்கே மகிமை மாதா கோயில் இருக்கிறது. போர்ச்சுகீசியர் காலத்தில், 1515-ம் ஆண்டில் தோன்றியது என்று சொல்லுகிறார்கள். மாதாவின் பெயரைத் தாங்கிய மீனவர் ஊரும் உண்டு. அதுதான் நடுவூர் மாதா குப்பம்.

கோயிலில் கேட்டதை அன்றாட வாழ்வில் கடைப்பிடிப்பது எப்படி? இந்த ஊர் மக்களுக்கு அதற்கான சோதனை ஏரியில்தான்.

"பாடு" என்றால் என்ன?

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி கிடைக்காது. சில இடங்களில் மிகுதியாகக் கிடைக்கும். முந்தியவருக்கே எல்லாம் என்று விட்டால், பலசாலி பிழைப்பார். ஏழை பட்டினி கிடப்பார்.

ஆகவே முன்னோர்கள் ஒரு வழி கண்டார்கள். மாதா குப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் முறை வைத்து அந்த இடங்களில் வலை போடுவார்கள். யாருக்கு எந்த முறை என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். இதற்குப் "பாடு" என்று பெயர்.

சீட்டுக்கு ஆள் தெரியாது. மாதாவைக் கும்பிடுகிறவரும் அம்மனைக் கும்பிடுகிறவரும் அதற்கு ஒன்றுதான். இன்று நல்ல இடம் பெற்றவர், முறை முடிந்ததும் அதை அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும்.

பைபிளிலும் சீட்டு உண்டு. யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டார்கள். மத்தியாவின் பெயர் வந்தது. அவர்களின் தலைவரான இராயப்பரும் கலிலேயா ஏரியில் வலை வீசியவரே.

வெளியே நிற்பவர்கள்

ஆனால், சீட்டில் எல்லார் பெயரும் இல்லை. பாடு உரிமை, பரம்பரையாகப் பட்டினவர் குலத்தாருக்கே உரியது. அதே ஏரியை நம்பி ஆதி திராவிடரும் இருளரும் பிழைக்கிறார்கள். இருளர்கள் தண்ணீரில் இறங்கி, கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். "எங்களுக்கும் பங்கு வேண்டும்" என்று உரிமை இல்லாதவர்கள் கேட்டதால் சச்சரவுகளும் நடந்திருக்கின்றன.

ஏரியும் முன்போல் இல்லை. முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் இறால் வரத்து குறைந்துவிடும். உள்ளதே போதாதபோது, பங்கு கேட்பவரைக் கண்டு பயப்படுவது இயல்புதான்.

"என் அயலான் யார்?" என்று ஒருவர் இயேசுவிடம் கேட்டார். இயேசு நல்ல சமாரியன் கதையைச் சொன்னார். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கி எடுத்தவன் அவன் இனத்தான் அல்ல, வேற்று இனத்தான்.

மாதா குப்பத்தார் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். பக்கத்து ஊர் இந்து சகோதரரோடு ஏரியைப் பங்கிடத் தெரிந்தவர்கள். ஏரிக்கரை இருளரோடு பங்கிடுவது மட்டும் அவர்களால் முடியாத காரியமா?