கணினிக்குள் இன்னொரு கணினி

பழைய கொப்பி ஒன்றை வாசிக்கக் கண்ணும் வெளிச்சமும் போதும். கணினியில் சேமித்த பழைய கோப்பு அப்படியல்ல. அதைத் திறக்க, அதை உருவாக்கிய செய்நிரல் வேண்டும். அந்தச் செய்நிரல் இயங்க அதற்குரிய பணிசெயல் முறைமை வேண்டும். அந்த முறைமைக்கு ஏற்ற வன்பொருளும் வேண்டும். இவற்றுள் ஒன்று வழக்கொழிந்தாலும், கோப்பு பழுதாகாமலே பயனற்றுப் போகும். இதற்குத் தீர்வாக உள்ள போலச்செய்யும் மென்பொருள், அதாவது எமியுலேற்றர் பற்றி இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய விளையாட்டுகளை விளையாடுவதற்கே எமியுலேற்றர் உதவும் என்று பலர் நினைக்கின்றனர். எமது பிரதேசத்துக்கு அது வேறொரு வகையிலும் தேவைப்படுகிறது. 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, தீவில் இருந்தோர் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்குச் சென்றனர். பின்னர் புத்தளத்தில் நீண்ட காலம் வாழ்ந்தனர். எங்கள் சாச்சா அங்கே கணினி கற்ற காலத்தில், ஊர்க் குடும்பங்களின் சந்தாக் கணக்குக்காக டேர்போ பஸ்கால் மொழியில் ஒரு செய்நிரல் எழுதினார். குடும்பத் தலைவரின் பெயர், ஊரில் அவருடைய வளவு இருந்த ஒழுங்கை, இரு பக்கத்து வளவுக்காரர், கிணறு இருந்ததா என்பன அதில் பதியப்பட்டன. இன்று ஊருக்குத் திரும்பியோர் வளவின் எல்லையைத் தேடுகின்றனர். விபரம் தெரிந்த மூத்தவர்கள் பலர் மௌத்தாகிவிட்டனர். அந்தப் பட்டியல் காணி உறுதிக்கு ஈடாகாது. ஆனால் யாரிடம் போய் விசாரிக்கலாம் என்பதையாவது காட்டும்.

அந்தத் தரவுக் கோப்பை நோட்பேட்டில் திறந்தால் பெயர்களுக்கு இடையே விளங்காத குறிகளே தெரியும். எண்கள் அதில் இரும வடிவில் உள்ளன. அவற்றின் ஒழுங்கு அந்தச் செய்நிரலுக்கே தெரியும். எங்கள் வீட்டில் இருப்பது கோர் 2 டுவோ முறைவழியாக்கியும் 2 ஜிகாபைட் நினைவகமும் கொண்ட பழைய கணினி. அதில் 64 பிட் விண்டோஸ் 7 உள்ளது. டொஸ் காலத்து 16 பிட் செய்நிரல்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக இயங்கமாட்டா.

எமியுலேற்றர் என்பது இல்லாத ஒரு கணினியை மென்பொருளால் உருவாக்கிக் காட்டுவது. பழைய முறைவழியாக்கிக்கு எழுதப்பட்ட ஒவ்வோர் அறிவுறுத்தலையும் வாசித்து, அதே விளைவை இன்றைய முறைவழியாக்கியில் உண்டாக்கும். தான் வேறு இயந்திரத்தில் ஓடுவது பழைய செய்நிரலுக்குத் தெரியாது. இந்த எண்ணம் புதியதல்ல. ஐபிஎம் நிறுவனம் 1964இல் சிஸ்டம்/360 கணினிகளை அறிவித்தபோது, தனது முந்திய 1401 கணினியின் செய்நிரல்களை அவற்றில் இயக்கவும் வழி செய்தது. வாடிக்கையாளர்கள் பழைய கணக்குகளைக் கைவிட விரும்பவில்லை என்பதே காரணம்.

டொஸ் செய்நிரல்களுக்குப் பொருத்தமானது டொஸ்பொக்ஸ். இது 2002இல் வெளிவந்த இலவச மென்பொருள். இதன் 0.74-3 பதிப்பின் நிறுவும் கோப்பு ஏறக்குறைய ஒன்றரை மெகாபைட்தான். ஆகவே பழைய கணினிக்கும் பாரமில்லை. செய்ய வேண்டியவை வருமாறு:

1. நெகிழ்வட்டின் மூலையிலுள்ள சிறிய தடுப்பை நகர்த்தித் துளையைத் திறந்து வையுங்கள். அப்போது அதில் எதுவும் தவறுதலாக எழுதப்படாது. யூஎஸ்பி நெகிழ்வட்டுச் செலுத்தி மூலம் எல்லாக் கோப்புகளையும் வன்றட்டுக்குப் பிரதி செய்யுங்கள். அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எடுத்து அதில் மட்டும் வேலை செய்யுங்கள்.

2. கோப்புகளை வைக்கும் கோப்புறைக்கு எட்டு எழுத்துக்கு மேற்படாத ஆங்கிலப் பெயர் இடுங்கள். டொஸ் அவ்வளவு நீளமே ஏற்கும்.

3. டொஸ்பொக்ஸை நிறுவித் திறந்தால் கறுப்புத் திரை வரும். அதில் மவுண்ட் என்ற கட்டளையையும், சி என்ற எழுத்தையும், கோப்புறையின் பாதையையும் இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்யுங்கள். அந்தக் கோப்புறை உள்ளே இருக்கும் கணினியின் சி வன்றட்டாக மாறும். உண்மையான சி வன்றட்டு முழுவதையும் இவ்வாறு இணைக்க வேண்டாம். உள்ளே நடக்கும் அழிப்பு வெளியிலும் அழிக்கும்.

4. சி எழுத்தும் முக்காற்புள்ளியும் இட்டு என்டர் அழுத்துங்கள். பின்னர் செய்நிரலின் பெயரைத் தட்டச்சு செய்தால் அது ஓடத் தொடங்கும்.

அடுத்தது வேகம். பழைய செய்நிரலுக்கு அதிக வேகம் நல்லது என்று எண்ணக்கூடாது. டேர்போ பஸ்காலில் திரையைக் கையாளும் சிஆர்டி என்ற பகுதி, தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளக்கும். ஏறக்குறைய 55 மில்லிசெக்கனில் எத்தனை முறை எண்ண முடிகிறது என்று பார்த்து, அதனை 55ஆல் வகுக்கும். விடை 16 பிட்டுக்குள், அதாவது 65,535க்குள் அடங்க வேண்டும். வேகமான கணினியில் விடை அதைத் தாண்டிவிடும். உடனே வழு 200 என்ற செய்தியுடன் செய்நிரல் நின்றுவிடும். கோப்பு பழுதாகிவிட்டது என்று பார்ப்பவர் நினைப்பார். ஆனால் கோப்பில் எந்தக் குறையும் இல்லை.

இதற்கு டொஸ்பொக்ஸின் அமைப்புக் கோப்பில் சைக்கிள்ஸ் என்ற வரியில் 3000 என்று நிலையான அளவு கொடுக்கலாம். ஒரு மில்லிசெக்கனில் 3000 அறிவுறுத்தல்கள் என்பது இதன் கருத்து. கன்ட்ரோல் விசையுடன் எப்11 அழுத்தினால் வேகம் குறையும். எப்12 அழுத்தினால் கூடும். எலிக்குறி உள்ளே அகப்பட்டுவிட்டால் கன்ட்ரோல், எப்10 அதை விடுவிக்கும்.

டொஸ்பொக்ஸின் இப்பதிப்பிலிருந்து நேரடியாக அச்சிட முடியாது. கன்ட்ரோல், எப்5 அழுத்தினால் திரை படமாகச் சேமிக்கப்படும். அந்தப் படங்களைப் பார்த்து விபரங்களை யுனிகோட் தமிழில் தட்டச்சு செய்வது நல்லது. இல்லாவிட்டால் இன்னும் இருபது வருடத்தில் இதே சிக்கல் திரும்பவும் வரும்.

விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2020 ஜனவரியில் பொதுவாக நிறுத்தப்பட்டன. எனவே இந்த வேலைக்கான பழைய கணினியை இணையத்துடன் இணைக்காமல் வைத்திருப்பதே நல்லது. பட்டியலில் உள்ள பெயர்களும் வளவு விபரங்களும் பிறருடைய அமானிதம். அவற்றை முகநூலில் இடாமல், உரிய குடும்பத்தாரிடம் மட்டும் கொடுக்க வேண்டும்.

நெகிழ்வட்டின் காந்தப் பூச்சு காலத்தோடு கெடும். ஈரமும் எமது கரையோர உப்புக் காற்றும் அதற்கு உகந்தவை அல்ல. உங்கள் வீட்டு அலுமாரியிலும் பழைய நெகிழ்வட்டுகள் இருக்கலாம். அடுத்த விடுமுறையில் அவற்றை எடுத்து, எழுதியவர் ஹயாத்துடன் இருந்தால் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். எந்தக் கட்டத்தில் எதைப் பதிந்தார் என்பதை அவரால்தான் சொல்ல முடியும்.