இரண்டு நொடித் தாளம், இருபது ஆண்டு வழக்கு

டெக்னோ என்னும் மின்னணு நடன இசையின் முன்னோடிகளான ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1977-ல் ‘மெட்டால் அவுஃப் மெட்டால்’ என்ற இசையை வெளியிட்டது. இரும்போடு இரும்பு மோதும் தாளம். 1997-ல் மோசஸ் பெல்ஹாம் என்ற தயாரிப்பாளர் அதில் சுமார் இரண்டு நொடியை வெட்டியெடுத்து, ஒரு ராப் பாடலுக்கு அடியில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். கிராஃப்ட்வெர்க் தொடுத்த வழக்கு ஹாம்பர்க்கில் தொடங்கி, ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய், 2019-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பெற்றது. எடுத்த துண்டு எவ்வளவு சிறிதானாலும், காதுக்கு அடையாளம் தெரிந்தால் பதிவின் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும் என்றது தீர்ப்பு.

ஜூன் 21 அன்று பெர்லின் தெருக்களில் நடக்கும் இசை விழாவில் பழைய டெக்னோ ஒன்றை ரீமிக்ஸ் செய்து ஒலிக்கவிட நினைக்கும் எவரும் இந்த வழக்கை அறிந்திருக்க வேண்டும்.

ஒரு பாடலுக்கு உரிமையாளர்கள் இரண்டு பேர்: இசையமைத்தவர் ஒருவர், அந்த ஒலிப்பதிவைத் தயாரித்த நிறுவனம் இன்னொருவர். பதிவைத் தொடாமல் மெட்டை நீங்களே சின்தசைசரில் புதிதாக வாசித்தால் நிறுவனத்திடம் கேட்க வேண்டியதில்லை. மெட்டை மாற்றினால் இசையமைத்தவரைக் கேட்டே ஆக வேண்டும்.

“கெமாவுக்குக் கட்டியாச்சு, கவலை வேண்டாம்” என்று விழாக்காரர்கள் சொல்வார்கள். கெமா என்பது ஜெர்மனியில் இசையமைப்பாளர்களுக்காகக் கட்டணம் வசூலிக்கும் சங்கம். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தப் பணம் இசையைப் பொதுவெளியில் ஒலிக்கவிடுவதற்கு. மாற்றியமைக்கும் அனுமதியைக் கெமா தருவதில்லை. பலர் சிக்குவது இங்கேதான்.

2021 முதல் ஜெர்மன் சட்டம் ‘பாஸ்டிஷ்’ என்ற பெயரில் மூலத்தோடு உரையாடும் படைப்புக்கு விலக்கு அளிக்கிறது. அதன் எல்லை எது என்பதே நீதிமன்றம் நீதிமன்றமாக இழுபட்ட கேள்வி. அதை நம்பி மேடையேற நான் சொல்லமாட்டேன்.

அனுமதி கேட்பதை வெறும் தொல்லையாக நான் பார்க்காததற்குக் காரணம் அமெரிக்க நகரமான டெட்ராய்ட். அங்கே கறுப்பினக் கலைஞர்கள் தொடங்கிய சிறு நிறுவனம் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ். 1999-ல் அது வெளியிட்ட டிஜே ரோலண்டோவின் ‘ஜாகுவார்’ இசையை, சோனியின் ஜெர்மன் கிளை அனுமதியின்றி அச்சு அசலாக மறுபதிவு செய்தது. ரசிகர்களின் எதிர்ப்பு குவிந்த பிறகே பின்வாங்கியது. அனுமதி கேட்கும் வழக்கம்தான் சிறியவர்களுக்கும் வேலி.

மீறினால் வருவது ‘அப்மானுங்’, அதாவது வழக்கறிஞரின் எச்சரிக்கைக் கடிதம். பெரும்பாலும் தெருவில் வாசித்ததற்காக அல்ல, அதன் வீடியோவை இணையத்தில் ஏற்றியதற்காக. கெடு சில நாள்தான். கூடவே ஓர் உறுதிமொழிப் பத்திரம் இருக்கும். அதை அப்படியே கையெழுத்திடாதீர்கள். பின்னாளில் ஒருமுறை தவறினாலும் ஒப்பந்த அபராதம் கட்ட வேண்டிவரும். குப்பையிலும் போடாதீர்கள், நீதிமன்றத் தடை வரும், செலவு பெருகும். உங்கள் வழக்கறிஞரைக் கொண்டு, தேவையான அளவுக்கு மட்டும் சுருக்கிய உறுதிமொழியை அனுப்புங்கள். முதல்முறை சிக்கும் தனிநபர் கட்ட வேண்டிய எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டணத்துக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. தொழிலாக டிஜே செய்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆகவே சில மாதங்கள் முன்பே இசையமைத்தவர், பதிவு நிறுவனம் இரு தரப்புக்கும் எழுதுங்கள். மேடை, வீடியோ, வெளியீடு மூன்றுக்கும் தனித்தனியாக எழுத்தில் பதில் வாங்குங்கள். வழக்கு வந்தால் செலவு கலைஞருடையது என்ற வரி விழா ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பதில் வராவிட்டால் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளாமல், அன்று மூலப்பதிவையே ஒலிக்கவிடுங்கள். அதற்கு விழாக்காரர்கள் கட்டிய பணம் போதும்.