உள்ளுறை கரிமம்

உள்ளுறை கரிமம் என்பது கட்டுமானப் பொருள்களை அகழ்ந்தெடுத்தல், உருவாக்குதல், எடுத்துச் செல்லுதல், கட்டுதல் முதலிய பணிகளால் வெளியேறும் பைங்குடில் வளிமங்களின் மொத்த அளவாகும். இதன் பெரும்பகுதி குடியேறும் முன்பே வெளியேறிவிடுவதால், பின்னர் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தி அதை ஈடுகட்டுவது எளிதன்று.

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டையின் மதில்கள் அவ்வட்டாரக் கருங்கல்லால் ஆனவை. கருங்கல்லுக்குச் சூளை தேவையில்லை. எனினும் கோட்டையை உள்ளுறை கரிமமே அற்றதெனக் கூறுவது மிகை. செங்கல்லும் சுண்ணாம்பும் சுடப்பட்டவையே. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது பிரியும் கரியமில வாயுவில் கணிசமான பங்கைச் சாந்து இறுகுகையில் காற்றிலிருந்து திரும்பப் பெறுகிறது. சூளையில் எரித்த விறகின் புகைக்கு அத்தகைய மீட்சி இல்லை.

சூளையையே தவிர்க்கும் முறை இதே மாவட்டத்தின் ஆரோவில்லில் கையாளப்படுகிறது. அங்கு வடிவமைக்கப்பட்ட ஔரம் என்னும் கையியக்க அழுத்துபொறியில், ஏறத்தாழ 5 விழுக்காடு சிமெண்ட் கலந்த மண் கற்களாக அழுத்தப்படுகிறது. அவை சுடப்படுவதில்லை, சில வாரங்கள் ஈரப்பதத்தில் வைத்துப் பதப்படுத்தப்படுகின்றன. எஃகாலான பொறிக்கும் உள்ளுறை கரிமம் உண்டு. ஆனால் அது அப்பொறி ஆக்கும் பல்லாயிரம் கற்களுக்குப் பங்கிடப்படுவதால் ஒரு கல்லுக்குரிய அளவு மிகச் சிறிது. மண்ணின் தன்மையைச் சோதிக்காமல் சிமெண்ட்டைக் கூட்டினால் இச்சேமிப்பு விரைவில் கரைந்துவிடும்.