கட்டுரைக்கு மார்க் போடுமா கம்ப்யூட்டர்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில், பிள்ளைகள் பள்ளிக் கட்டுரைகளை வேர்ட் புரோகிராமில் டைப் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். சிவப்புக் கோடு இல்லையென்றால் கட்டுரை பிரமாதம் என்று பெற்றோர் மகிழ்கின்றனர். கோடு விழுந்தால் பிள்ளைக்குத் திட்டு! இரண்டுமே சரியல்ல. கம்ப்யூட்டர் எதை அளக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

சல்லடை சொல்வது எது?

எங்கள் போடிநாயக்கனூரில் ஏலக்காயைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். 8 மி.மீ. சல்லடையில் நிற்கும் பெரிய காய்க்கு நல்ல விலை கிடைக்கும். ஸ்பைசஸ் போர்டு மையத்தில் விலை கேட்பது இப்போது கம்ப்யூட்டர் மூலம்தான். ஆனாலும் வியாபாரிகள் சாம்பிளைப் பார்த்த பிறகே விலை கேட்கிறார்கள். சல்லடை காயின் அளவைச் சொல்லும், வாசனையைச் சொல்லாது.

கட்டுரை திருத்தும் புரோகிராமும் ஒரு சல்லடைதான். அமெரிக்கப் பேராசிரியர் எல்லிஸ் பேஜ் 1966ல் இந்த முயற்சியைத் தொடங்கினார். கட்டுரையின் நீளம், வார்த்தைகளின் சராசரி நீளம், காற்புள்ளிகளின் எண்ணிக்கை போன்றவற்றை அவரது புரோகிராம் எண்ணியது. 1999ல் ஜிமேட் தேர்வுக் கட்டுரைகளுக்கு 'இ-ரேட்டர்' என்ற புரோகிராம் மதிப்பெண் போடத் தொடங்கியது. ஜிஆர்இ தேர்வில் ஒரு மனிதரும் இ-ரேட்டரும் கட்டுரையை மதிப்பிடுகின்றனர். இருவரின் மதிப்பெண்ணும் ஒத்துவராவிட்டால் இன்னொரு மனிதர் படிக்கிறார்.

இதை ஏமாற்ற முடியுமா? எம்ஐடியில் பணியாற்றிய லெஸ் பெரல்மன், மாணவர்களுடன் சேர்ந்து 2014ல் 'பேபல்' என்ற புரோகிராமை உருவாக்கினார். இரண்டு மூன்று வார்த்தைகளைக் கொடுத்தால் அர்த்தமே இல்லாத கட்டுரையை அது எழுதித் தள்ளும். மதிப்பிடும் புரோகிராம்கள் அதற்கும் நல்ல மதிப்பெண் கொடுத்தன!

நீங்களே சோதிக்கலாம்

வேர்டில் பைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங் எனச் சென்று 'ஷோ ரீடபிலிட்டி ஸ்டேடிஸ்டிக்ஸ்' என்ற கட்டத்தில் டிக் செய்திடவும். ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் திறந்து எஃப்7 அழுத்தி, பிழை திருத்தத்தை முடிக்கவும். (புதிய பதிப்புகளில் 'எடிட்டர்' பகுதியில் 'டாகுமெண்ட் ஸ்டேட்ஸ்' என்று இருக்கும்.) 'பிளெஷ் ரீடிங் ஈஸ்' என்ற எண் கிடைக்கும். எண் கூடினால் படிக்க எளிது என்று பொருள். இப்போது வாக்கியங்களை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டு மீண்டும் சோதியுங்கள். கட்டுரை குழம்பிப் போயிருக்கும், எண் மாறாது! வாக்கிய நீளத்தையும் வார்த்தைகளில் உள்ள அசைகளையும் மட்டுமே அது எண்ணுகிறது.

இந்தக் கணக்கு ஆங்கிலத்திற்கானது, தமிழுக்குப் பொருந்தாது. 'போய்க்கொண்டிருந்தார்களாம்' என்பது நமக்கு ஒரே வார்த்தை அல்லவா? தமிழில் பிழை பார்க்க நீச்சல்காரன் உருவாக்கிய 'வாணி' திருத்தியைப் பயன்படுத்தலாம். ஆனால் வார்த்தையை மட்டும் பார்க்கும் எந்தத் திருத்தியும் 'மழை ஏறினோம்' என்றால் விட்டுவிடும். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்களாயிற்றே! அதே சமயம் ஆங்கிலக் கட்டுரையில் குரங்கணி, போடிமெட்டு என்ற ஊர்ப் பெயர்களுக்குச் சிவப்புக் கோடு விழும். அவை பிழையல்ல. ரைட் கிளிக் செய்து 'ஆட் டு டிக்ஷனரி' கொடுத்தால் போதும்.

இன்றைய ஏஐ தளங்கள் கருத்தும் சொல்கின்றன. ஆனால் ஏலத்தோட்டத்தில் உங்கள் மகள் அன்று எதைப் பார்த்தாள் என்பது அவற்றுக்குத் தெரியாது.

எனவே எழுத்துப் பிழைகளைக் கம்ப்யூட்டரிடம் விடுங்கள். பிறகு கட்டுரையைப் பிள்ளையையே சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சொல்ல வந்தது புரிகிறதா? வரிசையாக வருகிறதா? தானே பார்த்தது, யோசித்தது ஏதாவது இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் மார்க் போட வேண்டியவர் நீங்கள்தான்.