பெங்களூர் அருகே ஓர் ஆங்கிலச் சிற்றூர்

ஆங்கில நாட்டுச் சிற்றூர்களைப் பற்றி நம்மில் பலர் நூல்களின் வாயிலாக அறிந்திருக்கிறோம். ஊர் நடுவே அனைவர்க்கும் பொதுவான பசும்புல் வெளி. அருகில் ஒரு தேவாலயம். வழிப்போக்கர் தங்குதற்கு ஒரு விடுதி. சுற்றிலும் தோட்டங்களிடையே ஓட்டுக் கூரை வீடுகள். நம் ஊர்களில் மன்றத்து மரநிழல் எத்தகையதோ, அத்தகையது அவர்களுக்கு அப்புல்வெளி.

இவ்வமைப்பைப் பின்பற்றி எழுந்த ஊர் ஒன்றைக் காணக் கடல் கடக்க வேண்டுவதில்லை. பெங்களூரின் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒயிட்பீல்டே அது. இன்று அப்பெயரைக் கேட்டவுடன் கணிப்பொறி நிறுவனங்களும் வண்டி நெரிசலுமே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அந்நெரிசலின் நடுவே பழைய சிற்றூரின் சுவடு இன்னும் அழியவில்லை.

யூரேஷியர் எனவும் ஆங்கிலோ இந்தியர் எனவும் வழங்கப்பெற்ற மக்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் ரயில்வே, தந்தி முதலிய அரசாங்க அலுவல்களையே நம்பி வாழ்ந்தனர். அலுவல் போனால் ஊன்றி நிற்க ஒரு சாண் நிலமும் பலருக்கு இல்லை. ஆளும் ஆங்கிலேயர் அவர்களைத் தமக்குச் சமமாக ஏற்கவில்லை. இந்நாட்டு மக்களும் அவர்களை அயலாராகவே கருதினர். இந்நிலை மாறவேண்டுமாயின் தம் மக்கள் சொந்த மண்ணில் உழுது வாழவேண்டும் என்று எண்ணினார் டேவிட் இம்மானுவேல் ஸ்டார்க்கன்பர்க் ஒயிட். மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையார் 1882ஆம் ஆண்டு அவர்களுடைய சங்கத்துக்கு 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். அந்நிலத்தில் எழுந்த குடியிருப்பு ஒயிட்டின் பெயரையே தாங்கிற்று.

ஊரை வட்ட வடிவில் வகுத்தனர். நடுவே பொதுவெளி, அதனைச் சூழ்ந்து உள்வட்டச் சாலை, சாலையோரம் அகன்ற தோட்டங்களுடன் வீடுகள். 1886ஆம் ஆண்டைச் சேர்ந்த நினைவுத் தேவாலயம் இன்றும் உள்ளது. வேவர்லி என்னும் விடுதியும் அக்காலத்தில் இருந்தது. 1896ஆம் ஆண்டு பெங்களூருக்குப் படை அதிகாரியாக வந்த வின்ஸ்டன் சர்ச்சில் அவ்விடுதிக்கு வந்து போனார் என்பது ஊரார் சொல்லும் செவிவழிச் செய்தி.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. இவ்வூரின் தோற்றம் ஆங்கிலத் தோற்றம். அதன் நோக்கமோ இந்திய மண்ணிலேயே நிலைத்து வாழ்வது. இங்கிலாந்துக்குப் போகும் எண்ணத்தினாலன்று, இங்கேயே வேரூன்றும் ஆசையினாலேயே அவர்கள் இதனைக் கட்டினர்.

அவ்வாசை முழுதும் நிறைவேறவில்லை. உழவு என்பது பழகிய கைக்கே வசப்படும் தொழில். எழுதுகோல் பிடித்த கை ஏர் பிடிக்கும்போது நேரும் இடர்ப்பாடுகள் இங்கும் நேர்ந்தன. நாளடைவில் உழவர் குடியேற்றம், ஓய்வு பெற்றோர் அமைதியாக வாழும் ஊராக மாறிற்று. 1947க்குப் பின் இந்நாட்டு ஆங்கிலோ இந்தியர் பலர் ஆஸ்திரேலியா, பிரிட்டன், கனடா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். 1990களின் இறுதிவரை ஒயிட்பீல்டு சிறிய ஊராகவே இருந்தது. பின்னர்ப் பன்னாட்டுத் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. 2023ஆம் ஆண்டு மெட்ரோ ரயிலும் வந்தது. பழைய வீடுகள் பல இடிபட்டு, அவ்விடங்களில் அடுக்கு மாடிகள் எழுந்தன.

பெங்களூர் செல்வோர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், வண்டிகள் பெருகுமுன், உள்வட்டச் சாலையை ஒருமுறை நடந்து சுற்றுதல் நன்று. நேர்கோட்டுத் தெருக்கள் நிறைந்த நகரில் இச்சாலை மட்டும் ஏன் வளைந்து செல்கிறது என்னும் வினா எழும். முன்னோர் ஒரு பொதுவெளியை நடுவில் வைத்துத் தம் வீடுகளை அதனை நோக்கி அமைத்தனர் என்பதே விடை.

வீடு இடிந்தால் வேறு வீடு கட்டலாம். பொதுவெளி ஒருமுறை போயிற்றேல் மீளாது. பெருகிவரும் நம் நகரங்கள் தம்முள் அடங்கிய சிற்றூர்களின் மன்றங்களையும் வெளிகளையும் காத்தல் வேண்டும். ஓர் இடத்தில் வேரூன்ற விரும்பியோர் முதலில் ஒதுக்கி வைத்தது அனைவர்க்கும் உரிய நிலத்தையே என்பதை ஒயிட்பீல்டு நமக்கு நினைவூட்டுகிறது.